மீன் ஆறுறதுக்குள்ள மூணு படம்: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல, புதுசா கேமரா வாங்குனவங்க ஊட்டி கொடைக்கானல்னு கெளம்பாம மொதல்ல தங்களுக்கு நல்லாப் பழக்கமான இடத்துல வச்சுப் பழகுங்கன்னு நாலு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதத்துல பாதிக்கு மேல மீன் கடையப் பத்தித்தான். சந்தோசமா இருந்துச்சு, ஏன்னா நானும் என் முதல் கேமராவ அப்படி ஒரு கடைல உக்காந்துதான் கத்துக்கிட்டேன். அதனால இந்தத் தடவ முழுப் பக்கமும் மீனும் கேமராவும்தான்.

கேள்வி: அண்ணே, ரெண்டு வருசம் சீட்டு கட்டி ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்குனேன், கூட வந்த 18-55 ஜூம் லென்ஸ் மட்டும்தான் இருக்கு. மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மீன் மெஸ், சின்னப் புள்ளைல எங்கப்பா கூட்டிட்டுப் போன கடை, இப்ப நான் என் வீட்டுக்காரியக் கூட்டிட்டுப் போறேன். போன ஞாயித்துக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அங்க 140 படம் எடுத்தேன். எல்லாம் மஞ்சளா இருக்கு, பாதி ஆடியிருக்கு, சிலதுல குறுக்கால கோடு கோடா விழுந்திருக்கு. அதுக்குள்ள மீனும் ஆறிப்போச்சு, வீட்லயும் கோவம். நல்ல லென்ஸ் வாங்குனா சரியாயிருமாண்ணே?
– செல்லூர் வாசகர்

பதில்: தம்பி, லென்ஸ் அப்புறம், மொதல்ல நேரத்த மாத்துங்க. ராத்திரி எட்டு மணிக்கு அந்தக் கடைல என்ன வெளிச்சம் இருக்கும்னு நெனச்சுப் பாருங்க, கல்லாவுக்கு மேல ஒரு மஞ்ச பல்பு, ஹால்ல ரெண்டு எல்.இ.டி ட்யூப், சாமி படத்துக்கு மேல ஒரு சிவப்பு லைட்டு, ஒவ்வொண்ணும் ஒரு கலரு. வெளிச்சத்தோட நெறத்த கெல்வின்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, மஞ்ச பல்பு 3000 கெல்வினுக்குள்ள இருக்கும், வெள்ளை ட்யூப் 6500 கெல்வின் வரைக்கும் போகும், கேமரா எத நம்புறதுன்னு தெரியாம நடுவுல ஒண்ணப் புடிச்சுக்கிட்டு மீனையும் மஞ்சளாக்கி சோத்தையும் மஞ்சளாக்கிருது. அதே கடைக்குப் பகல்ல பன்னெண்டே கால் மணிக்குப் போங்க, கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடி. வாசல் பக்கத்துல ரெண்டாவது பெஞ்சுல உக்காருங்க. உச்சி வெயில் நேரா உள்ள வராது, ரோட்டுலயும் எதுத்தாப்புல இருக்குற சுவத்துலயும் பட்டுத் திரும்பி மெத்துனு உள்ள வரும், அந்த வெளிச்சம் இலைக்குப் பக்கவாட்டுல விழணும், அம்புட்டுதான். உங்களுக்கு மேல ட்யூப் எரிஞ்சா, ஒரு அஞ்சு நிமிசம் அத மட்டும் அமத்திக்கலாமான்னு கேளுங்க, இத்தன வருசம் வர்ற ஆளு கேட்டா சரின்னுதான் சொல்லுவாங்க. பழகுன கடைலதான் இதெல்லாம் கேக்க முடியும், அதுக்காகத்தான் போன மாசம் அப்படி எழுதுனேன். எந்த பெஞ்சுல வெளிச்சம் வரும், மாஸ்டர் எத்தன மணிக்கு மொதக் கல்லு மீன் போடுவாரு, சப்ளையர் எந்தப் பக்கமிருந்து குழம்பு ஊத்துவாரு, இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பாக்கி இருக்குறது கேமராவோட பொத்தான் மட்டும்தான். புது ஊரு, புது கடை, புது கேமரான்னு மூணையும் ஒண்ணாப் படிக்கப் போனா எதுவும் ஒழுங்கா வராது.

அந்தக் கோட்டுக்கு வருவோம். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால சாதாரண எல்.இ.டி லைட்டு ஒரு செகண்டுக்கு 100 தடவ மின்னும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஷட்டரு, அதாவது கேமரா தொறந்து மூடுற நேரம், 1/250, 1/500 செகண்டுன்னு வேகமாப் போனா கேமராவுக்குத் தெரிஞ்சிரும். ட்யூப் லைட்டுக்குக் கீழ எடுக்குறப்ப ஷட்டர 1/50 இல்ல 1/100ல வையுங்க, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர அணைச்சிருங்க, கோடு போயிரும். ஆடுனதுக்குக் காரணம் வேற. லென்ஸோட தொறப்ப எஃப்னு ஒரு நம்பர்ல சொல்லுவாங்க, நம்பர் ஏற ஏற தொறப்பு சின்னதாகும். உங்க லென்ஸு 18ல இருக்குறப்ப எஃப் 3.5, ஜூம் பண்ணி 55க்குப் போனா எஃப் 5.6, அதாவது உள்ள வர்ற வெளிச்சம் பாதிக்கும் கீழ போயிருது, கேமரா அத ஈடு கட்ட ஷட்டரக் கொறைக்குது, கை ஆடுது. அதனால ஜூமை 30, 35ல வச்சுட்டு நீங்க முன்னாடி போங்க. ஐஎஸ்ஓவ, அதாவது கேமரா வெளிச்சத்த உணர்ற அளவ, 1600, 3200 வரைக்கும் பயப்படாம ஏத்துங்க. புள்ளி புள்ளியா இருந்தாலும் தெளிவா இருக்குற படம் வீட்ல மாட்டத் தாங்கும், ஆடுன படத்த ஒண்ணும் பண்ண முடியாது. பிளாஷ் மட்டும் வேணவே வேணாம், பொரிச்ச மீனுல எண்ணெய் இருக்கும், பிளாஷ் பட்டா அங்கங்க வெள்ளைத் திட்டா விழுந்து மீனு பிளாஸ்டிக் மாதிரி ஆயிரும்.

லென்ஸ் வாங்கியே தீரணும்னா ஒரு ஆறு மாசம் கழிச்சு 35 எம்எம் எஃப் 1.8 வாங்குங்க, 50 வேணாம். உங்க மாதிரி சின்ன சென்சார் (உள்ள படம் பதியிற தகடு) கேமராவுல 50 ரொம்பக் கிட்டக்க இழுத்துரும், மெஸ் பெஞ்சுல உக்காந்துக்கிட்டு முழு இலைய எடுக்கணும்னா பின்னாடி இருக்குறவரு முதுகுல போய் இடிக்கணும். எஃப் 5.6க்கும் 1.8க்கும் வெளிச்சம் கிட்டத்தட்ட 10 மடங்கு வித்தியாசம், அதுக்காகத்தான் அந்தக் காசு.

இப்ப மீன் ஆறுன கதை. தம்பி, நம்ம சாப்புடுற கையும் சோத்தாங்கைதான், கேமரா பொத்தானும் சோத்தாங்கைப் பக்கம்தான். இடது கைக்காரங்களுக்குன்னு பொத்தானத் திருப்பி வச்ச கேமரா கடைல கெடைக்காது. முள்ளுக் கரண்டில சாப்புடுற ஊருல நடுநடுவுல படம் எடுத்துக்கலாம், நமக்கு இலைல கை வச்சுட்டா அதோட கேமரா முடிஞ்சுச்சு. அதனால நான் ஒரு கணக்கு வச்சிருக்கேன், கை வைக்கிறதுக்கு முன்னாடி மூணே மூணு படம். இலை முழுசா ஒண்ணு, மீனு மட்டும் கிட்டக்க ஒண்ணு, எதுத்தாப்புல உக்காந்திருக்குறவங்க மொகத்தோட ஒண்ணு. செட்டிங் எல்லாத்தையும் இலை போட்டுத் தண்ணி தெளிக்கிறப்பவே பாத்து வச்சிரணும், வெறும் இலைய ஒரு படம் எடுத்து வெளிச்சம் சரியான்னு பாத்துக்கணும், அப்புறம் சோறு, குழம்பு, மீனு வந்ததும் டக் டக் டக். ஒரு நிமிசம் கூட ஆகாது. பையில வச்சு ஜிப்ப மூடிட்டு ரெண்டு பேரும் சூடாச் சாப்புடுங்க. 140 படம் எடுத்து அத்தனையும் அழிச்சத விட மூணு எடுத்து ஒண்ணு தேறுனா அடுத்த வாரம் போறப்ப எங்க தப்புன்னு தெளிவா ஞாபகம் இருக்கும்.

கேள்வி: அண்ணா, பொரிச்ச மீன் ஓரளவுக்கு வருது, ஆனா மீன் குழம்பு படத்துல கருப்பா சேறு மாதிரி விழுகுது, இலையும் ஒரு மாதிரி வெளிறிப் போயிருது. நேர்ல அம்புட்டு அழகா இருக்கே, ஏன்?
– திருமங்கலம் வாசகி

பதில்: நல்ல கேள்விம்மா, இதுதான் எனக்கும் ரொம்ப நாள் புடிபடாம இருந்துச்சு. நம்ம பக்கத்துக் குழம்பு புளி நல்லா ஊத்தி, மொளகாத் தூளு வதக்கி, கொதிச்சு எண்ணெய் பிரிஞ்சு மேல மெதக்குற குழம்பு. அதோட அழகே அந்த எண்ணெய்ல இருக்குற செவப்புலதான். வெளிச்சம் உங்க முதுகுக்குப் பின்னாடி இருந்து விழுந்தா அந்த எண்ணெய் தெரியாது, அடில இருக்குற கருப்பு மட்டும்தான் தெரியும். நீங்க இடம் மாறி உக்காந்து, வாசலோ ஜன்னலோ இலைக்கு அந்தப் பக்கம், உங்களுக்கு எதிரே கொஞ்சம் சாய்வா வர்ற மாதிரி பாத்துக்கங்க. அப்ப வெளிச்சம் குழம்பு மேல வழுக்கிட்டு உங்க கேமராவுக்கு வரும், எண்ணெய் வளையம் வளையமா மின்னும், ஆவி கூடத் தெரியும். ஆவி படத்துல விழணும்னா பின்னாடி இருட்டா இருக்கணும், வெளிச்சம் பின்னாலருந்து வரணும், வெள்ளைச் சுவத்துக்கு முன்னாடி எம்புட்டு ஆவி பறந்தாலும் விழாது.

கிண்ணத்தோட எடுக்காதீங்க, கிண்ணம் எவர்சில்வரு, ஊர்ல இருக்குற வெளிச்சம் எல்லாம் அதுல மின்னும். சோத்துல நடுவுல குழி பண்ணி ஊத்துன ஒடனே, சோறு அத உறிஞ்சி ஓரம் மட்டும் செவக்குற அந்தப் பத்து செகண்டு இருக்கு பாத்தீங்களா, அதுதான். வெள்ளைச் சோறு, செவப்பு விளிம்பு, நடுவுல ஒரு துண்டு வஞ்சிரம், பக்கத்துல ஒரு சின்ன வெங்காயம் முழுசா. எனக்கு இதுக்கு மேல ஒரு படம் வேணாம்.

இலை வெளிறுனதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஈர இலை கண்ணாடி மாதிரி வெளிச்சத்தத் திருப்பும், தொடச்சிட்டு எடுங்க. இன்னொண்ணு, படம் முழுக்கப் பச்சையா இருந்தா ஆட்டோ வைட் பேலன்ஸ், அதாவது கேமராவே கலரச் சரி பண்ணிக்கிற வசதி, அது ஏதோ தப்புன்னு நெனச்சு பச்சையக் கொறச்சு ரோஸ் பக்கமாத் தள்ளிரும். கையால வைட் பேலன்ஸ் செட் பண்ணுங்க. சாம்பல் கார்டு ஒண்ணு வாங்கி வச்சுக்கறது நல்லது, இல்லாட்டி வடிச்ச சோத்தையே வெள்ளைன்னு காட்டி செட் பண்ணலாம், நான் பல தடவ பண்ணியிருக்கேன். வேட்டியக் காட்டிச் செட் பண்ணாதீங்க, சொட்டு நீலம் போட்டுத் துவைச்ச வேட்டி நெசமான வெள்ளை கெடையாது.

கேள்வி: மகன் வாங்கிக் கொடுத்த கேமராவோட எங்க வழக்கமான மீன் சாப்பாட்டுக் கடைக்குப் போயி, கல்லுல மீன் பொரியறத எடுக்கப் போனேன். கடைக்காரர் "என்ன சார் போட்டோ புடிக்கிறீங்க"ன்னு சத்தம் போட்டுட்டார். பதினஞ்சு வருசமாப் போற கடை. மனசு கஷ்டமாப் போச்சு. நான் செஞ்சது தப்பா?
– மேலூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, மனசு கஷ்டப்படாதீங்க, கடைக்காரர் மேலயும் கோவப்படாதீங்க. அடுப்படி அவரோட இடம். கேமராவத் தூக்கிட்டு ஒருத்தர் அடுப்புப் பக்கம் வந்தா எங்கயாச்சும் போட்டுப் பேரக் கெடுத்துருவாங்களோ, ஆபீஸ்ல இருந்து சோதனைக்கு வந்திருக்காங்களோன்னு பயம் வரும், அது நியாயமான பயம். எனக்கும் ஒரு தடவ இப்படி ஆச்சு. ராமநாதபுரம் போற வழில ஒரு கடைல நண்டு எடுக்குறேன்னு எடுத்தேன், பக்கத்து பெஞ்சுல ஒரு குடும்பம் சாப்புட்டுக்கிட்டு இருந்தத நான் கவனிக்கல. அந்த வீட்டுக்காரர் எந்திரிச்சு வந்து எங்க வீட்டுப் பொம்பளைங்க விழுந்திருக்காங்களான்னு கேட்டாரு. விழுந்திருந்தாங்க. அவர் முன்னாடியே அழிச்சுக் காட்டிட்டு மன்னிப்புக் கேட்டேன். அன்னைலருந்து மொதல்ல கல்லாவுல கேக்குறது, அப்புறம் மாஸ்டர்கிட்ட கேக்குறது, பக்கத்துல ஆள் இருந்தா கேமராவ சுவத்துப் பக்கமாத் திருப்புறதுன்னு ஆயிருச்சு.

இப்ப போனீங்கன்னா கேமரா இல்லாமப் போங்க. சாப்புட்டு, காசு கொடுக்குறப்ப சொல்லுங்க, மீனு பொரியறது பாக்க நல்லா இருக்கு, ஒரு படம் எடுத்துக் கழுவிக் கொண்டாந்து தரட்டுமான்னு. கூட்டமில்லாத மூணு மணிக்கு வாங்கன்னு சொல்லுவாரு. அந்தப் படம் எடுக்க வேண்டிய படம்தான் ஐயா. மசாலா தடவுன துண்டு கல்லுல விழுந்ததும் மொதல்ல சுத்தி வர எண்ணெய் நுரைக்கும், அப்புறம் ஓரம் மட்டும் கருஞ்செவப்பாகும், மாஸ்டர் ஒரு கொத்து கருவேப்பிலைய எண்ணெய்ல போடுவாரு, அது படபடன்னு வெடிக்கும், அந்த நேரத்துல கரண்டி அடில போயி ஒரே திருப்பு. மொகத்த எடுக்கணும்னு இல்ல, அந்தக் கையும் கல்லும் போதும். எட்டுக்கு ஆறுல பிரிண்ட் போட்டுக் குடுங்க. நான் போற தெப்பக்குளம் பக்கத்துக் கடைல அப்படிக் குடுத்த படம் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி ஏழு வருசமாச்சு, பொகைல மஞ்சளாயிருக்கு, இன்னும் எறக்கல.

கேள்வி: மாஸ்டர் கை மட்டும் ஆடிப்போய் விழுந்த படம் நெறைய இருக்கு, அழிச்சிரவா?
– வாடிப்பட்டி வாசகர்

பதில்: அழிக்காதீங்க. கல்லும் மீனும் தெளிவா நின்னு கை மட்டும் இழுபட்டிருந்தா அது நல்ல படம், அங்க வேலை நடக்குதுன்னு காட்டுது. வேணும்னே 1/30, 1/15ல எடுத்துப் பாருங்க, முழங்கைய பெஞ்சுல ஊனிக்கங்க. கல்லும் மீனும் கூட ஆடியிருந்தா மட்டும் அழிங்க. 1858ல லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு ஆங்கிலேயர் மதுரைக்கு வந்து கோயிலையும் நாயக்கர் மகாலையும் படம் புடிச்சாரு, காகித நெகட்டிவ்ல. ஒரு படம் பதியவே அப்பல்லாம் நெறைய நேரம் புடிக்கும், குறுக்க நடந்து போறவங்க பதியவே மாட்டாங்க, தூணும் கல்லும்தான் நிக்கும். நம்ம ஊரோட அந்தக் காலத்துப் படங்கள்ல தெரு வெறிச்சுன்னு இருக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். உங்க படத்துல கையாச்சும் கொஞ்சம் பதிஞ்சிருக்கு.

கேள்வி: சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரங்களத் திருவிழா முடிஞ்சு மீன் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன், புதுக் கேமராவும் எடுத்துட்டுப் போனேன். எப்பவும் கண்ணாடிப் பெட்டில அடுக்கியிருப்பாங்க, அன்னைக்குப் பாதி காலி. எப்ப போனா நெறையா இருக்கும்?
– சோழவந்தான் வாசகி

பதில்: நீங்க போனது தடைக்காலம்மா. வருசா வருசம் ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு நம்ம கிழக்குக் கடற்கரைல விசைப்படகு கடலுக்குப் போகாது, மீனு இனப்பெருக்கத்துக்காக. 2017க்கு முன்னாடி 45 நாளா இருந்துச்சு. அந்தச் சமயத்துல நாட்டுப்படகுல வர்றது, கேரளாப் பக்கமிருந்து வர்றதுதான், வெலையும் ஏறும். மதுரைலருந்து கடலுக்கு ரோட்டுல போனா நூறு கிலோமீட்டருக்கு மேல, ராமேஸ்வரம், தூத்துக்குடின்னு ராத்திரில ஐஸ் பெட்டில ஏத்தி விடியறதுக்குள்ள இங்க எறங்குது, ஆனாலும் நம்ம ஊரு மீன் கடைங்க நிக்குதுன்னா அந்த வண்டிங்களாலதான். ஜூன் கடைசில போங்க, பெட்டி நெறஞ்சிருக்கும். இல்ல புரட்டாசில போங்க, பாதிப் பேரு கவுச்சி சாப்புட மாட்டாங்க, வெல எறங்கியிருக்கும், கடைல எடமும் இருக்கும், படம் எடுக்கவும் யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. உங்க வீட்ல புரட்டாசி உண்டுன்னா விட்ருங்க.

தடைக்காலத்துலயும் நமக்கு அயிரை இருக்கு. கடல் மீன் இல்ல, ஆனா மதுரைக்காரங்களுக்கு அதுக்கு மேல எது? உயிரோட வாங்கி, கல்லுப்பு போட்டு ஒரசி மண்ணு போகக் கழுவி, முழுசாக் குழம்புல போடுறது. படத்துல எடுக்குறது மட்டும் கஷ்டம், வெரல் நீளம் கூட இல்லாத மீனு, குழம்போட குழம்பாப் போயிரும். கரண்டில நாலஞ்சு மீன அள்ளித் தூக்கி, குழம்பு வழிஞ்சதும் கரண்டியோட படம் எடுங்க.

கேள்வி: ஏ.சி. ரூம்ல சாப்புட்டுட்டு வெளிய வந்து கடை போர்டை எடுத்தா எல்லாம் பனி மூட்டமா இருக்கு. கேமரா ரிப்பேரா சார்?
– உசிலம்பட்டி, கல்லூரி மாணவர்

பதில்: ரிப்பேர் இல்ல தம்பி. குளுந்த லென்ஸ் மேல வெளிய இருக்குற சூடான ஈரக் காத்து பட்டு வேர்க்குது. உள்ள இருக்குறப்பவே பைல போட்டு மூடிருங்க, வெளிய வந்து பதினஞ்சு இருவது நிமிசம் கழிச்சு எடுங்க, அந்தச் சமயத்துல லென்ஸக் கழட்டாதீங்க. சட்டை நுனியால தொடைக்கவே கூடாது. மீன் எண்ணெய் பட்ட கைய சோப்புப் போட்டுக் கழுவி நல்லாத் தொடச்சிட்டு அப்புறம் கேமராவத் தொடுங்க, கண்ணாடில எண்ணெய் வெரல் பட்டா அடுத்த நூறு படமும் மங்கலாத்தான் வரும். மொதல்ல ஊதுறதுக்கு ஒரு ரப்பர் பம்பு, அப்புறம் மைக்ரோஃபைபர் துணி, இது ரெண்டு போதும். மழைக்காலத்துல டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வையுங்க, இல்லாட்டி லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சிரும்.

கேள்வி: அண்ணே, எங்கப்பாவுக்கு 78 வயசு. மாசம் ஒரு தடவ அவரக் கூட்டிட்டு நத்தம் ரோட்டுல ஒரு கடைக்குப் போயி மீன் சாப்புடுவோம். அவரு முள்ளெடுக்குற அழகே தனி. கேமராவப் பாத்தா மட்டும் வெறச்சுப்போயி சட்டைய இழுத்து விட்டுக்கிறாரு. எப்படி எடுக்குறது?
– அழகர்கோவில் ரோடு வாசகி

பதில்: தங்கச்சி, அடுத்த ரெண்டு தடவ படமே எடுக்காதீங்க. கேமராவ, லென்ஸ் மூடியக் கழட்டிட்டு, மேஜை மேல அவரு கண்ணுல படுற மாதிரி வையுங்க, சும்மா இருக்கட்டும். மூணாவது தடவ அது அவருக்கு உப்பு ஜாடி மாதிரி ஆயிரும். அவருக்கு எதுத்தாப்புல உக்காருங்க, ஜன்னல் உங்க ரெண்டு பேருக்கும் பக்கவாட்டுல இருக்கணும். அவரு சாப்புட ஆரம்பிச்ச பின்னாடிதான் உங்களுக்கு வேலை, அதனால அன்னைக்கு நீங்க கொஞ்சம் தாமதமாக் கை வைக்கணும், மேல சொன்ன மூணு படக் கணக்கு இங்க செல்லாது. ஜூம் 55ல வச்சு, போகஸ மொகத்துல வைக்காம வெரல்ல வையுங்க. முள்ளெடுக்குறவங்க மொதல்ல கட்டை வெரலால நடு முள்ளுக்கு மேல தடவிப் பாப்பாங்க, அப்புறம் சதைய ரெண்டா வகுந்து முள்ள ஒரே இழுப்பா எடுத்து இலை ஓரத்துல வைப்பாங்க. அதுவரைக்கும் காத்திருங்க. முள்ளில்லாத துண்ட எடுத்து அவரு உங்க இலைல வைப்பாருல்ல, அந்தக் கை மேஜையத் தாண்டி வர்றப்ப அமுக்குங்க, 1/100 போதும்.